சுனைக்குப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!



செமஸ்டர் முடிஞ்ச அன்னைக்கு எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே கேள்விதான் ஓடும்: "மச்சி, எங்கடா போலாம்?" போன மாசம் எங்க குரூப்ல அந்தக் கேள்விக்கு ஒரு வீடியோ பதிலா வந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் எங்கள் சீனியர் ஒருவர் அனுப்பியது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் பச்சையும் நீலமுமாக ஒரு குளம், அதில் அண்ணன் ஜாலியாக மிதக்கிறார். இடத்தின் பெயர் வாதி ஷாப். அடுத்த நிமிஷமே ஒருத்தன் போட்டான்: "நம்ம ஊர்ப் பக்கம் இந்த மாதிரி ஒண்ணு இருக்குடா, ஞாயித்துக்கிழமை போலாமா?"

அந்தக் கேள்விக்கு நான் குரூப்பில் பதில் எழுதவில்லை. அது ஒரு மெசேஜில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். போகாதீங்க என்று சொல்வதற்காக அல்ல. பாறைக்கு நடுவே இருக்கும் தண்ணீரைத் தேடி நடப்பது போல ஒரு சந்தோஷம் கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீர் அங்கே எப்படி வந்தது, எப்போது அது நம்மைத் தேடி வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போகணும். இதில் பாதிக்கு மேல் நாம் முதல் வருஷமும் இரண்டாம் வருஷமும் படித்து, பரீட்சை எழுதி, மறந்துபோன பாடம்தான்.

1. வாதியும் நம்ம பம்பையும்

வாதி என்ற அரபுச் சொல்லுக்கு, பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடந்து மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடைப் பள்ளத்தாக்கு என்று பொருள். அந்தக் கணக்கில் எங்கள் திருவாமாத்தூரை ஒட்டி ஓடும் பம்பை ஆறும் ஒரு வாதிதான்! வருஷத்தில் பல மாதம் மணலும் முள்ளும்தான் கண்ணில் படும். நல்ல மழை பெய்தால் ஓடும்.

வாதி ஷாப், மஸ்கட்டிலிருந்து சூர் நகருக்குப் போகும் கடலோரச் சாலையில், திவி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாலைப் பாலத்துக்குக் கீழே சின்னப் படகில் ஏறி மறுகரை போகணும். அப்புறம் பேரீச்சைத் தோட்டம், வாழை, பழைய நீர்வாய்க்கால், பாறை விளிம்பு என்று முக்கால் மணி முதல் ஒரு மணி நேர நடை. கடைசியில் குளங்கள். கடைசிக் குளத்தின் முடிவில் தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருக்கும். அதற்குள் நீந்திப் போனால் குகை, குகைக்குள் ஒரு அருவி. 2012-இல் உலக அளவிலான பாறை உச்சி டைவிங் தொடரின் இறுதிச் சுற்றை இங்கேதான் நடத்தினார்கள்.

சுற்றிலும் பாலை. நடுவில் வற்றாத தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேலே இருப்பது சுண்ணாம்புக்கல் மலை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளைக் கரைத்து அகலப்படுத்திக்கொண்டே கீழே இறங்குகிறது. நீர் புகாத அடுக்கு எங்கே வழிமறிக்கிறதோ, அங்கே பக்கவாட்டில் ஊற்றாக வெளியே வருகிறது. அதாவது மலையே ஒரு ஓவர்ஹெட் டேங்க். எப்போதோ பெய்த மழையை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது நம்ம பக்கம் வாங்க. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பாறை மேல் பாறை அடுக்கி வைத்த மாதிரி குன்றுகள். இது கருங்கல், கிரானைட் வகை. சுண்ணாம்புக்கல் மாதிரி கரையாது. ஆனால் இதிலும் தண்ணீர் நிற்கும். அதற்கு நம் மொழியில் அழகான பெயரும் இருக்கு: சுனை. பாறைப் பள்ளத்தில் மழைநீர் தங்கும். அது கல்லிலுள்ள பெல்ட்ஸ்பார் கனிமத்தை மெதுவாகக் களிமண்ணாக மாற்றும். உதிர்ந்ததைக் காற்றும் அடுத்த மழையும் அடித்துக்கொண்டு போகும். பள்ளம் பெரிதாகும், இன்னும் அதிகத் தண்ணீர் தங்கும். பாறை வெடிப்பில் இறங்கிய நீர் ஊறி வரும் இடமாக இருந்தால் கோடையிலும் வற்றாது.

செஞ்சியின் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். 1690 முதல் 1698 வரை மராத்திய அரசர் ராஜாராம் இந்தக் கோட்டையில் இருந்துகொண்டுதான் முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கினார். மலையில் தண்ணீர் இல்லாத கோட்டையாக இருந்திருந்தால் அத்தனை வருஷம் தாங்கியிருக்குமா, யோசிச்சுப் பாருங்க. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். ஒரு வேண்டுகோள்: அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். அங்கே சுனையைப் பார்க்கத்தான் போகணும், குதிக்க இல்லை.

மூன்றாவது வகைக் குளம் ஓடையிலேயே உருவாவது. வெள்ளம் வரும்போது சுழலில் மாட்டிய கூழாங்கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைத் துளை போடும். நம் வொர்க்‌ஷாப் டிரில்லிங் மெஷின் மாதிரி. அருவி விழும் இடத்தில் தண்ணீரின் அடியே பள்ளம் தோண்டும். இந்தக் குளங்களுக்கு ஒரு குணம் உண்டு. சுவர் செங்குத்தாக, வழுவழுவென்று, கைப்பிடி இல்லாமல் இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

2. நான் ஏன் இதை எழுதுகிறேன்

இரண்டாம் வருஷம், ஏப்ரல் மாதம். நாங்கள் ஐந்து பேர், மூன்று பைக். மலையடிவாரத்தில் ஒரு வறண்ட ஓடை வழியே ஒரு மணி நேரம் நடந்து ஒரு பாறைக் குளத்துக்குப் போனோம். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே நாலு பேர் கிளம்பிடுவீங்க.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. "இடுப்பளவுதான்டா" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தன் இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. இரண்டாவது அடியில் பாசி வழுக்கியது. ஆள் உள்ளே போய்விட்டான். கத்தவே இல்லை. கை மட்டும் தண்ணீரை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் சில வினாடி அவன் விளையாடுகிறான் என்றே நினைத்தோம். எங்களில் நீச்சல் தெரிந்தவன் குதித்தான். முழுகிக்கொண்டிருந்தவன் இவன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இரண்டு பேருமே உள்ளே.

அந்த நேரம் மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா ஓடி வந்தார். கையில் தழை ஒடிக்கிற துரட்டி. நானும் குதிக்கப் போனேன். அவர் போட்ட அதட்டல் இன்னும் காதில் இருக்கு: "எறங்காதடா! யாரும் தண்ணியில எறங்காத! படுத்துக்கினு என் காலப் புடி!"

அவர் பாறையில் குப்புறப் படுத்தார். நாங்கள் இரண்டு பேர் அவர் காலைப் பிடித்துக்கொண்டோம். துரட்டியை நீட்டினார். முதலில் ஒருத்தன், பிறகு இன்னொருத்தன். மொத்தமே இரண்டு நிமிஷம் இருக்கும். இரண்டு பேரும் இன்று என்னோடு அதே கிளாஸில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எழுத இரண்டு பேரும் சரி சொன்னார்கள்.

அன்றைக்கு நாங்கள் செய்த தப்பு ஒன்றா இரண்டா! ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

3. கண் சொன்ன பொய்: ஆழம்

பள்ளிக்கூடத்திலேயே படித்த ஒளிவிலகல்தான். நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. நேர் மேலிருந்து பார்த்தால், உண்மையான ஆழத்தை 1.33-ஆல் வகுத்தால் வருவதுதான் கண்ணுக்குத் தெரியும் ஆழம். 2 மீட்டர் ஆழக் குளம் 1.5 மீட்டராகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் ஆழம் குறைந்து தெரியும். நாம் எப்போதுமே சாய்வாகத்தான் பார்க்கிறோம்! தண்ணீர் எவ்வளவு தெளிவோ, அவ்வளவு நம்பிக்கையாக ஏமாறுவோம்.

தீர்வு சுலபம். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி விட்டுப் பாருங்கள். அல்லது நீளமான கழியை ஊன்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. துளைக் குளத்தில் ஒரு அடி தள்ளினாலே முழங்கால் ஆழம் ஆளுயரம் ஆகிவிடும்.

குதிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. காற்றுத் தடையை விட்டுவிட்டால், தண்ணீரைத் தொடும் வேகம் = (2 × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்) என்பதன் வர்க்கமூலம்.

3 மீட்டரிலிருந்து: வினாடிக்கு 7.7 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 28 கி.மீ.
5 மீட்டரிலிருந்து: மணிக்கு சுமார் 36 கி.மீ.
10 மீட்டரிலிருந்து: மணிக்கு சுமார் 50 கி.மீ.

50 கி.மீ. வேகத்தில் பைக்கில் போய், அடியில் கிடக்கும் ஒரு பாறையில் தலையை முட்டுவதாக நினைத்துப் பாருங்கள். கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் அடிபட்டால் வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான். வாதி ஷாபில் டைவ் அடித்தவர்கள் தொழில்முறை வீரர்கள். அவர்கள் குதிக்கும்போது கீழே தண்ணீரில் பாதுகாப்பு நீச்சல்காரர்கள் தயாராக இருப்பார்கள். நமக்குக் கீழே இருப்பது போன் பிடித்து வீடியோ எடுக்கும் நண்பன் மட்டும்தான்.

"போன வருஷம் இங்கதான் குதிச்சேன், ஒண்ணும் ஆகல" என்பவர்களுக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று. இரட்டைப் புலவர்கள் தெரியுமில்லையா? ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்கு நடக்க முடியாது. அவர்கள் திருவாமாத்தூர் மேல் கலம்பகம் பாடியபோது, கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். ஊர்க்காரர்கள் தப்பு என்றார்களாம். அன்றிரவே பம்பையில் வெள்ளம் வந்து, ஆறு தடம் மாறி, பாட்டை உண்மையாக்கிவிட்டது என்பார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரே வெள்ளத்தில் ஆறு தடம் மாறும் என்பது நீரியலில் நாம் படிக்கும் உண்மை. ஆறே இடம் மாறும்போது, குளத்தின் அடியில் இருக்கும் பாறாங்கல் இடம் மாறாதா? போன வருஷத்து ஆழம் இந்த வருஷத்துக்குச் செல்லாது.

4. வானம் நீலமாக இருக்கும்போதும் வெள்ளம் வரும்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. சிவில் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

மண்ணில் மழை பெய்தால் பெரும்பகுதி உறிஞ்சப்படும். வெறும் பாறையில் பெய்தால் பெரும்பகுதி ஓடிவிடும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நீர்ப்பிடிப்புப் பரப்பு 10 சதுர கி.மீ. மழை மணிக்கு 30 மி.மீ. பாறைப் பகுதி என்பதால் 70 சதவீதம் ஓடுகிறது என்று வைப்போம்.

ஓட்டம் = ஓட்டக் கெழு × மழைச் செறிவு × பரப்பு ÷ 3.6
= 0.7 × 30 × 10 ÷ 3.6
= வினாடிக்கு சுமார் 58 கன மீட்டர்.

நம் ஊர்ச் செய்திகளில் சொல்வது போல் சொன்னால், சுமார் 2,000 கன அடி. இது 10 மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்கில், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்தால், ஆழம் 58 ÷ 30 = ஏறக்குறைய 1.9 மீட்டர். உங்கள் தலைக்கு மேலே! காலையில் செருப்பு நனையாமல் நடந்து வந்த அதே ஓடை. 30 மி.மீ. மழை நம் ஊரில் ஒன்றும் பெரிய விஷயமே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இன்னும் மோசமான விஷயம், மழை உங்கள் தலை மேல் பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஆண்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்கில் திடீர் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. மழை பெய்தது பல கி.மீ. தள்ளி, மேலே. ஓமனிலும் 2024 ஏப்ரல் மாதம் வாதிகளில் பாய்ந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி வாகனம் அடித்துச் செல்லப்பட்டு மாணவர்கள் உயிரிழந்தார்கள். வறண்ட நாடு என்பதால் வெள்ளம் வராது என்று நினைக்கவே கூடாது.

அவ்வளவு தூரம் எதற்கு? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நமக்கெல்லாம் மறக்குமா? நம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. அது நம் தலை மேல் பெய்தது. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையிலும் கிட்டத்தட்ட அதே அளவு கொட்டியது. அந்தப் பக்கத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். இங்கே மழை நின்ற பிறகு ஆறு பெருகியது. அரசூர் பக்கம் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போனது. மழை ஓய்ந்தால் ஆபத்து ஓய்ந்தது என்று அர்த்தமில்லை என்பதை நம் மாவட்டம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஓடும் தண்ணீரில் நடந்து கடக்கலாமா? அதற்கும் கணக்கு இருக்கு. தொடையளவுத் தண்ணீர், நீரை எதிர்கொள்ளும் இரண்டு கால்களின் பரப்பு சுமார் 0.18 சதுர மீட்டர் என்று வைப்போம். நீர் தள்ளும் விசை = அரை × அடர்த்தி × பரப்பு × வேகத்தின் வர்க்கம் (இழுவைக் கெழுவை 1 என்று வைத்து).

வேகம் வினாடிக்கு 1 மீட்டர்: 90 நியூட்டன்.
2 மீட்டர்: 360 நியூட்டன்.
3 மீட்டர்: 810 நியூட்டன்.

இப்போது நம் பக்கத்து பலம். எடை 65 கிலோ, அதாவது சுமார் 637 நியூட்டன். தண்ணீருக்குள் இருக்கும் கால்களின் மிதப்பு விசை சுமார் 147 நியூட்டனைக் குறைத்துவிடும். மிச்சம் 490. ஈரப் பாறையில் உராய்வுக் கெழு 0.3 என்றால் பிடிமானம் 147 நியூட்டன் மட்டுமே. அதாவது வினாடிக்கு 1.3 மீட்டர் வேகம் வந்தாலே கால் வழுக்கும். அது நாம் பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடக்கும் வேகம்! ஜிம் பாடியெல்லாம் இங்கே செல்லாது மச்சி. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

இவற்றைப் பார்த்தால் உடனே கிளம்புங்கள்: தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, நீர்மட்டம் ஏறுவது, மேல்புறம் லாரி ஓடுவது போன்ற சத்தம். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள், தண்ணீர் உங்களை முந்திவிடும். பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். பையும் செருப்பும் போனால் போகட்டும்.

5. பாலை நடுவே தாகம்

வெயிலில் குறிஞ்சியும் முல்லையும் தன் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மே மாதம் செஞ்சிப் படியில் ஏறியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். காலையில் குறிஞ்சி, மத்தியானம் பாலை. பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு கீழிருந்தும் சுடும்.

வெயிலில் மலை ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். எனவே ஒரு ஆளுக்கு, நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை முதல் ஒரு லிட்டர் கணக்கில் தண்ணீர். போக, வர நாலு மணி நேரம் என்றால் 3 லிட்டர் குறைந்தபட்சம். ஐந்து பேருக்கு இரண்டு பாட்டில் எடுத்துப் போன அறிவாளிகள் நாங்கள்! வியர்வையில் உப்பும் போகிறது. ஆகவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இல்லையென்றால் உப்பு போட்ட மோர் அல்லது எலுமிச்சைச் சாறு. உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துதான்.

ஒரே ஒரு விதி: கொண்டு போன தண்ணீரில் பாதி தீர்ந்தால், சுனை கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் திரும்பணும். சுனைத் தண்ணீர் இருக்கே என்று நம்பிப் போகாதீர்கள். தேங்கிய நீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தால் அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள். கூட வருபவன் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-க்கு அழையுங்கள். அந்த இடத்தில் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை ஊற்றக் கணக்குப் பார்க்காதீர்கள்.

6. ஒருத்தன் முழுகினால்

சினிமாவில் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். நிஜத்தில் மூச்சுக்கே போராடுகிறவனால் கத்த முடியாது. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, சத்தமே இல்லாமல் நடக்கும். தண்ணீரில் இருப்பவன் திடீரென்று அமைதியானால் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் விளையாட்டு இல்லை.

தாத்தா செய்த வரிசையைக் கவனியுங்கள். அவருக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா என்றே எங்களுக்குத் தெரியாது. அது தேவைப்படவும் இல்லை.

முதலில் நீட்டு: கழி, துப்பட்டா, வேட்டி, பேன்ட், பெல்ட், எதுவானாலும். நிற்காமல் படுத்துக்கொண்டு நீட்டணும். நின்றால் அவன் இழுப்பில் நீங்களும் உள்ளே.

எட்டவில்லையென்றால் எறி: மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேன் ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தாங்கும். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க அது போதும். எங்கள் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள், இப்போது பிளாஸ்டிக் கேன். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான், பாட்டி பெயர் வைக்கவில்லை அவ்வளவுதான். கேனில் ஒரு கயிறு கட்டி எடுத்துப் போனால், 50 ரூபாய் செலவில் உயிர்காக்கும் கருவி ரெடி.

குதிப்பது கடைசி. பயிற்சி இல்லாதவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். ஒருத்தனைக் காப்பாற்றக் குதித்து இரண்டு மூன்று பேர் போன செய்தியை நாம் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

வெளியே எடுத்த பிறகு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் 30 அழுத்தம், மறுபடி 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. படித்தால் மட்டும் இது வராது. கல்லூரியில் சி.பி.ஆர். பயிற்சி வைத்தால் சர்டிபிகேட்டுக்காக இல்லாமல் கற்றுக்கொள்வதற்காகப் போங்கள்.

7. அனுமதி என்பது தொல்லை இல்லை

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. வழிகாட்டி என்பவர் மலையடிவாரத்து மனிதர். எந்தப் பாறையில் பாசி, எந்த ஓடையில் எப்போது தண்ணீர் என்பது அவருக்கு அத்துப்படி. நாங்கள் அன்றைக்கு வழிகாட்டி இல்லாமல்தான் போனோம். ஒருவர் தற்செயலாக அங்கே ஆடு மேய்த்தார், அவ்வளவுதான்.

வீட்டுப்பாடம்

அடுத்த ட்ரிப் போடும் குரூப்பில் இந்த ஆறு கேள்விகளையும் போடுங்கள். ஆறுக்கும் பதில் வந்த பிறகு வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் போதும்.

1. மேற்புறம் எத்தனை சதுர கி.மீ. பரப்பின் தண்ணீர் இந்த ஓடைக்கு வருகிறது? (கூகுள் எர்த்தில் கோடு போட்டுப் பாருங்க.)
2. அந்தப் பரப்புக்கு, நாம் நிற்கப் போகும் இடத்துக்கு மட்டும் இல்லை, வானிலை மையம் என்ன சொல்லியிருக்கிறது?
3. நம்மில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? தெரியாதவர்கள் தண்ணீரில் இறங்காமலும் ட்ரிப் ஜாலியாக இருக்குமா?
4. ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? எத்தனை மணிக்குத் திரும்புவோம்?
5. 15 மீட்டர் கயிறு, காலி கேன், முதலுதவிப் பை யார் எடுத்து வருகிறார்கள்?
6. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்பது வீட்டில் ஒருவருக்காவது உண்மையாகத் தெரியுமா? ("குரூப் ஸ்டடி" என்று சொல்லிவிட்டு வந்தால், தேட வருபவர்கள் லைப்ரரியில்தான் தேடுவார்கள்.)

அன்றைக்கு எல்லாம் முடிந்து, நண்பர்கள் இரண்டு பேரும் இருமிக்கொண்டே பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா துரட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டே எங்களைக் கேட்டார்: "இன்னாப்பா படிக்கிறீங்க?"

"இன்ஜினியரிங் தாத்தா."

அவர் சிரிக்கவில்லை. தூரத்தில் குளத்தின் மறுகரையில் இறங்கிக்கொண்டிருந்த ஆட்டைக் காட்டினார். "அதோ பாரு. தண்ணி குடிக்கணும்னா அது கூட மொதல்ல ஒரு கால வெச்சுப் பாத்துட்டுதான் எறங்கும்."

சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

போயிட்டு வாங்க மக்களே. ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்க. பத்திரமாகத் திரும்பி வந்து, நீங்க பார்த்த சுனையைப் பற்றி அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க.